அப்பாவுக்குச் சொல்லவேண்டாம்

என் மகளின் வலது தொடைக்குள் ஒரு கட்டி இருக்கிறது என்பதை எங்கள் குடும்பத்தில் கடைசியாக அறிந்தவன் நான். என் மனைவிக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்காவுக்கும் அத்தானுக்கும் தெரியும். செட்டியார் தெருவில் நகை வேலை செய்கிற, என்னை ஒருநாளும் பார்த்திராத ஒரு மனிதருக்குக்கூட ஏதோ ஒரு பெண்பிள்ளையின் காலில் பிரச்சினை என்று தெரிந்திருந்தது. கட்டி நல்லதா கெட்டதா என்பது மட்டும்தான் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. அதை அறிய, எனக்கு ஒன்றும் சொல்லாமல், என்னையே பயன்படுத்திக்கொண்டார்கள்.

நான் பயந்தவன். அதை மறைத்து எழுதிப் பயனில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை இறங்கியது என்று தாதி சொன்ன கையோடு நான் வார்ட்டின் நடுவே மயங்கி விழுந்தேன். பிள்ளையைப் பார்க்க வந்த டொக்டர் முதலில் என்னைப் பார்க்க வேண்டியதாயிற்று. கொரோனா நாட்களில் வாழைப்பழத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியவன் நான். என் மனைவி அந்தக் கதையைக் கலியாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சிரிப்பேன். இப்படித்தான், யாரும் கூடிப் பேசி முடிவெடுக்காமலே, எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டாயிற்று. சைக்கிள் விபத்தோ, சோதனையில் குறைந்த புள்ளியோ, காய்ச்சலோ, எது வந்தாலும் அப்பாவுக்குச் சொல்லவேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு சிரிப்புக் கதையாகச் சொல்லலாம்.

எங்கள் ஆட்களிடம் நோயாளிக்கு நோயைச் சொல்லாத வழக்கம் இருக்கிறது. பெரிய வருத்தம் என்றால் படுக்கையில் கிடப்பவரைத் தவிர ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் தலைகீழாகிவிட்டது. நோய் பிள்ளைக்கு. மறைத்தது எனக்கு.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிப்பவன். வெள்ளவத்தையில் பள்ளிக்கூடமும், பின்னேரங்களில் வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் டியூஷன் வகுப்பும். மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், அவளுக்கும் இரசாயனவியல் ஒரு பாடம். ஆகவே ஒரு பின்னேரம் அவள் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தபோது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. பெரிய வகுப்புக்குப் போன பிறகு அவள் என்னிடம் பாடம் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

"அப்பா, என்.எம்.ஆர். ஞாபகமிருக்கா உங்களுக்கு?"

"ஞாபகமிருக்காவோ? உங்கட அம்மாவைக் கட்டின திகதி மறந்தாலும் அது மறவாது."

குசினிக்குள் நின்ற மனைவி இதற்கு ஏதாவது திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். வழக்கமாகச் சொல்வாள். அன்று தண்ணீர்க் குழாயின் சத்தம் மட்டும் கேட்டது.

"இது ஆக்களின்ர உடம்பில எடுத்தது. கம்பஸ்ல தந்தவை. எனக்கு வடிவா விளங்கேல்ல" என்றாள் மகள்.

திரையில் ஒரு கோடு. அங்கங்கே எழும்பி விழுந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் நிற்பது போலத் தொடங்கினேன். பெரிய காந்தத்துக்குள் உடம்பை வைத்தால், உள்ளேயிருக்கும் ஐதரசன் கருக்கள் நாம் அனுப்பும் ரேடியோ அலைக்குப் பதில் கொடுக்கும். எல்லாமே ஐதரசன்தான். ஆனாலும் தண்ணீரில் இருக்கும் ஐதரசன் ஒரு குரலில் பதில் சொல்லும், கொழுப்பில் இருப்பது சற்று வேறு குரலில். அந்தப் பதில்களைக் கொண்டு படம் வரைந்தால் அது எல்லோருக்கும் தெரிந்த எம்.ஆர்.ஐ. படம். படம் வரையாமல், உடம்புக்குள் ஒரு சின்னப் பெட்டி அளவு இடத்தைக் குறித்து, அங்கிருந்து வரும் குரல்களை மட்டும் பிரித்து வரிசையாக வைத்தால் இந்தக் கோடு.

"இந்தா, வலப்பக்கம் பெரிசா நிக்கிறது கொழுப்பு. இடப்பக்கம் தண்ணி. எங்க எடுத்தது?"

"தொடையில. கொழுப்புக் கட்டி மாதிரி ஒண்டாம்."

"ஆம்பிளையா, பொம்பிளையா?"

"அது போடேல்ல அப்பா."

"வயசு?"

"அதுவும் போடேல்ல."

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. தண்ணீருக்கும் கொழுப்புக்கும் நடுவே ஒரு சிறு முகடு இருந்தது. அவ்வளவு சிறியதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை.

"இதைப் பாரும். இது கோலின். செல்லுகளின்ர சுவர் செய்யிற சாமான். செல் கடகடவெண்டு பெருகிற இடத்திலதான் இது ஏறும். சும்மா கொழுப்புக் கட்டியெண்டா இது இப்பிடித் தலை காட்டக்கூடாது."

"அப்ப?"

"அப்ப என்ன? வினாத்தாளில வந்தா நான் கான்சர் எண்டுதான் எழுதுவன். பாவம், ஆர் பெத்த பிள்ளையோ."

"ஷுவரா அப்பா?"

"இருபது வருஷம் படிப்பிச்சவனிட்டக் கேக்கிற கேள்வியோ இது? போய் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொண்டு வாரும், ஃபீஸ் அதுதான்."

அவள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். சீனி சரியாக இருந்தது. நான் குடித்தேன்.

அந்தக் கோடு அவளுடையது. நான் "ஆர் பெத்த பிள்ளையோ" என்று சொன்னது அவளைப் பற்றி.

அதற்குப் பிறகும் வீடு வழக்கம்போல நடந்தது. மனைவி வங்கியில் வேலை செய்கிறாள். சனிக்கிழமைகளில் ஒஃபிஸில் ட்ரெயினிங் என்றாள். மகள் தோழியின் வீட்டில் சேர்ந்து படிக்கிறோம் என்றாள். இருவரும் ஒரே ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறார்கள். ஒழுங்கை முனையில் இறங்கி, ஒருத்தி முதலும் மற்றவள் சற்றுப் பிந்தியும் வீட்டுக்குள் வருவார்களாம். நான் கதவைத் திறந்துவிட்டு, "இண்டைக்கு என்ன ட்ரெயினிங், சிரிக்கப் பழக்கினவையோ?" என்று கேட்டிருக்கிறேன். வங்கியில் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிப்பதற்கே வகுப்பு வைத்தார்கள் என்று அவள் முன்பு ஒருமுறை சொன்ன பகிடி அது. அந்த நாட்களில் நான் சொன்ன பகிடிகளை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவர்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

விஷயம் வெளிப்பட்டது கொட்டாஞ்சேனையில். ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அக்காவுக்கு முழங்கால் வருத்தம், மாடிப்படி ஏற முடியாது. அத்தான் முன்னறையில் பத்திரிகை விரித்துக்கொண்டிருந்தார். சுவாமித் தட்டில் ஒரு வெற்றிலை, அதன்மேல் வெள்ளித் தகட்டில் வெட்டிய ஒரு கால். நேர்த்திக்காகக் கோயிலில் கொடுப்பார்களே, கண், கை, கால் என்று, அது. விரல் நீளம்கூட இல்லை. நான் எடுத்துப் பார்த்தேன்.

"என்னக்கா, முழங்காலுக்கு வெள்ளி கட்டப்போறியோ? தைலத்தை விட்டுட்டியா?"

அக்கா அதை என் கையிலிருந்து பறித்த வேகம் எனக்குப் பிடிபடவில்லை.

"டேய், சாமிச் சாமான். கண்டபடி தொடாத."

"முழங்காலுக்கெண்டு செய்தது இப்பிடித் தொடை பெருத்து இருக்கே. செட்டியார் தெருவில உன்னை ஏமாத்திப் போட்டாங்கள்."

அத்தான் பத்திரிகையை மடித்தார். "தொடைக்குத்தானே செய்தது" என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார். பிறகு என்னை. "இவனுக்கு இன்னும் சொல்லேல்லையா?"

"நீங்கள் வாயை மூடுங்கோ" என்றாள் அக்கா.

"எனக்கு என்ன சொல்லேல்ல?"

அக்கா அழத் தொடங்கினாள். அத்தான்தான் சொன்னார். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சுற்றி வளைக்கத் தெரியாது. பிள்ளையின் தொடையில் கட்டி. தசைக்குள் இருக்கிறதாம். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறது.

"நான் வந்தா என்ன சொல்லோணும் எண்டு உங்களுக்குச் சொல்லி வச்சவையோ?"

"உன்னைச் சிரிக்க வச்சு அனுப்பச் சொன்னவள் உன்ர மனுசி" என்றார் அத்தான். "எனக்கெங்க சிரிக்க வைக்கத் தெரியும்? பேப்பரைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

நான் மயங்கி விழவில்லை. அதை இங்கே பதிந்து வைக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதற்குத்தான் பயந்தார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி, ஓட்டோவை மறித்து ஏறினேன். காலி வீதிக்கு வரும்வரை ஒன்றும் தோன்றவில்லை. தொடை என்ற சொல் மட்டும் தலைக்குள் சுற்றியது. தொடையில் எடுத்தது. ஆம்பிளையா பொம்பிளையா போடேல்ல. வயசு போடேல்ல.

ஓட்டோக்காரர் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்து, "மாத்தயா, சனீப நெத்த?" என்று கேட்டார். சுகமில்லையா என்று சிங்களத்தில். நான் கை காட்டினேன், போகச் சொல்லி. அவர் ஓரமாக நிறுத்தித் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அன்று எனக்கு மறைக்காமல் கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

வீட்டில் இருவரும் இருந்தார்கள். அக்கா அதற்குள் அழைத்துச் சொல்லிவிட்டாள். மேசைக்கு முன்னால், வகுப்புக்குப் பிந்தி வந்த பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

"இஞ்ச பாருங்கோ, முதல்ல இருங்கோ" என்றாள் மனைவி. "தண்ணி குடியுங்கோ."

"ட்ரெயினிங் முடிஞ்சுதோ?"

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பீங்கள்? டெங்கு வந்த நேரம் நான் பிள்ளையைப் பாக்கிறதா உங்களைப் பாக்கிறதா எண்டு நிண்டது எனக்குத்தான் தெரியும். ரெண்டு பேரைத் தூக்க எனக்குத் தென்பில்லையப்பா."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நேரத்தில் அது எனக்குத் தேவைப்படவில்லை. நான் மகளைப் பார்த்தேன்.

"மறைச்சது ஒருபக்கம் கிடக்கட்டும். அந்தக் கோட்டை ஏன் என்னட்டக் கொண்டுவந்தனீர்?"

"டொக்டர் அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல அப்பா. பாப்பம் பாப்பம் எண்டவ. எனக்குத் தெரியவேணும்போல இருந்தது. உங்களுக்கு வாசிக்கத் தெரியுந்தானே."

"என்ர கால் எண்டு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்கள் பொய் சொல்லுவீங்கள்."

மனைவி மகளைப் பார்த்த பார்வையில், அந்தத் திட்டம் அவளுக்கும் முன்பே தெரிந்திருந்தது என்று விளங்கியது. குசினிக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் பிள்ளைக்குத் தீர்ப்புச் சொன்னபோது, என்னைத் தடுக்க ஒரு சொல் போதும். அவள் குழாயை மூடவில்லை.

கணவன் மனைவிக்குள் சண்டைகள் வரும், போகும். இது அந்த வகையில் சேராது. ஒருவன் எதை அறிந்திருக்கிறானோ அதையே கத்தியாக எடுத்து, அவனுக்கே தெரியாமல், அவன் கையாலேயே அவன் பிள்ளையின் கழுத்தில் வைத்துப் பார்ப்பது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானே ஓட்டோவில் ஏறி நடுவில் உட்கார்ந்தேன். ஸ்கேன் பார்த்த டொக்டர் ஒரு சிங்களப் பெண், என்னைவிட வயது குறைந்தவர். நான் இரசாயன ஆசிரியர் என்று மகள் சொன்னதும் சந்தோஷப்பட்டு, திரையைத் திருப்பி வைத்து ஆங்கிலத்தில் விளக்கினார். கொழுப்புக் கட்டிகளில் இந்த முறை எவ்வளவு உதவும் என்று அவர்கள் இப்போதுதான் பரீட்சித்துப் பார்க்கிறார்களாம். சாதாரணக் கொழுப்புக் கட்டியும் கொழுப்பில் தொடங்கும் புற்றுநோயும் படத்தில் சில வேளை ஒன்றுபோல இருக்கும், அதனால் கூடுதலாக இதையும் எடுத்தோம் என்றார்.

"அந்த நடுவில் இருக்கும் முகடு?" என்று கேட்டேன்.

அவர் படத்தின் மேல் ஒரு சதுரத்தைக் காட்டினார். கட்டி தசைக்குள் நெளிந்து கிடந்தது. சதுரத்தின் ஒரு ஓரம் கட்டியைத் தாண்டித் தசைக்குள் கிடந்தது. இந்தக் கட்டியில் தசையைத் தொடாமல் பெட்டி வைக்க இடமில்லை என்றார். "நல்ல தசையிலும் அதே இடத்தில் முகடு வரும். உங்கள் பரிசோதனைக் குழாயில் நீங்கள் போட்டது மட்டும்தான் இருக்கும். இங்கே பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து பேசுவார்."

இருபது வருடம் படிப்பித்தவன் நான். என் கோடுகள் எல்லாம் சுத்தமான குழாய்களிலிருந்து வந்தவை.

"அப்படியென்றால் நல்லதா?"

"அப்படியும் சொல்லவில்லை. இதை வைத்து ஒன்றும் சொல்லக்கூடாது. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இதை நான் அன்றைக்கே இவர்கள் இருவருக்கும் சொன்னேன்."

வெளியே நடைபாதை வாங்கில் உட்கார்ந்தோம். மனைவி மருந்துக் கவுண்டருக்குப் போயிருந்தாள்.

"டொக்டர் சொன்னவதானே, இதை நம்பவேண்டாம் எண்டு. பிறகேன் நான் சொன்னதைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சனீர்?"

மகள் செருப்பு நுனியால் தரையைத் தேய்த்தாள். "அவ என்ர முகத்தைப் பாத்துச் சொன்னவ. நீங்கள் பாக்காமல் சொன்னனீங்கள்."

அவள் அந்த நாட்கள் முழுவதும் சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு விரிவுரைக்குப் போனாள், எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள், என் பகிடிகளுக்குச் சிரித்தாள். நம்பியது என்னை. நம்பாமல் மறைத்ததும் என்னிடமே. இரண்டையும் ஒரே பிள்ளை எப்படிச் செய்தாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள், பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காத்திருந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். தேவைக்கு மிஞ்சிச் சொன்னார்கள். "அப்பா, இப்ப தையல் கடிக்குது." "இஞ்சாருங்கோ, இப்ப நான் கடைக்குப் போறன், கடைக்குத்தான்." நான் தலையாட்டினேன்.

முடிவு வந்த அன்று நான் வகுப்பில் நின்றேன். மனைவி அழைத்தாள்.

"கொழுப்புத்தானாம்! சாதாரணக் கட்டியாம். வேற ஒண்டுமே இல்லையாம். கேக்குதா உங்களுக்கு?"

கேட்டது. அவள் குரல் பளிச்சென்று இருந்தது. ட்ரெயினிங் என்று சொன்ன சனிக்கிழமைகளிலும் அது இப்படித்தான் பளிச்சென்று இருந்தது. நான் "சரி" என்றேன். பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, படி இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சத்திரசிகிச்சை நிபுணர் கிளினிக்கில் இருந்தார். வாசலில் நோயாளிகள் வரிசை. தாதியிடம் மன்றாடி உள்ளே போனேன். அவர் மகளின் முடிவைத் திறந்து, மனைவி சொன்னதையே சொன்னார்.

"டொக்டர், என்னிடம் இப்படிச் சொல்லும்படி என் மனைவி உங்களைக் கேட்டாரா?"

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். நான் குனிந்து வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பெயர் சரி, வயது சரி, வலது தொடை என்றே இருந்தது. நிமிர்ந்தபோது இன்னும் ஏதாவது கேட்க வேண்டும்போல இருந்தது, கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அவர், "போய்ப் பிள்ளையோடு இருங்கள்" என்றார்.

வீட்டில் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அக்கா அந்த முழங்காலோடு எங்கள் படிகளை ஏறியிருக்கிறாள். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். அத்தான் என் முதுகில் தட்டி, "இப்ப சிரியடா, இது உண்மைச் சிரிப்பு" என்றார். நான் சிரித்தேன். மகள் காலை ஒரு கதிரையில் நீட்டி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு துண்டு வெட்டித் தந்தாள்.

"ஏன் அப்பா இவ்வளவு நேரம்?"

"வகுப்பு நீண்டு போச்சு பிள்ளை."

"அம்மா சொன்னதை நம்பிட்டீங்கள்தானே?"

"ஓம்" என்றேன்.

அவள் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.